சுவைத்ததைச் சொல்லலாமா?

ஒரு பொருள் நன்றாய் இருக்கிறது என்று நாக்கு சொல்கிறது. அதை வாய்விட்டுச் சொல்லலாகாது என்று மனம் தடுக்கிறது. இவற்றுள் எதற்குச் செவிசாய்ப்பது? அற்ப வினாவாகத் தோன்றலாம். ஆயினும் அது ஒரு மாலைப்பொழுதில், ஒரு கண்ணாடிக் குவளையின் முன்னால், உண்மையா அன்பா என்னும் பெரிய வினாவாக என்முன் வந்து நின்றது. அன்று நான் தந்த விடை தவறானது. அதைத் திருத்திக்கொள்ளும் முயற்சியாகவே இதனை எழுதுகிறேன்.

என் அக்காள் மகன் எடின்பரோ நகரில் மருத்துவமனை ஒன்றில் பணிபுரிகிறான். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கோடையில் அவனோடு மூன்று வாரங்கள் தங்கியிருந்தேன். ஒரு சனிக்கிழமை, நகருக்குத் தெற்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில், இன்னர்லெய்தன் என்னும் சிற்றூரை அடுத்துள்ள டிராக்வேர் மாளிகைக்கு என்னை அழைத்துச் சென்றான். ஸ்காட்லாந்தில் இடையறாது மக்கள் குடியிருந்துவரும் வீடுகளுள் மிகப் பழையது எனப் பெயர் பெற்ற வீடு அது. முன்னொரு காலத்தில் அரசர்களின் வேட்டை மாளிகையாக இருந்தது. 1566-ஆம் ஆண்டில் அரசி மேரி தன் கைக்குழந்தையோடு அங்கே வந்து தங்கினாள்.

அவ்வீட்டின் வரலாறு நம்மைப் போன்றோர்க்குத் தனிப்பட்ட முறையில் நெஞ்சைத் தொடுவது. 1560-இல் ஸ்காட்லாந்தின் நாடாளுமன்றம் திருப்பலியைத் தடைசெய்தது. மூன்றாம் முறை பிடிபடுவோர்க்கு மரண தண்டனை என்றும் விதித்தது. பதினேழாம் நூற்றாண்டில் கத்தோலிக்க விசுவாசத்தைப் பற்றிக்கொண்ட டிராக்வேர் ஸ்டூவர்ட் குடும்பத்தார், தலைமுறை தலைமுறையாய் அதை விடவில்லை. வீட்டின் மேல்மாடியில் குருவானவர் ஒளிந்து வாழ்ந்த சிற்றறை இன்றும் இருக்கிறது. சோதனையிட வருவோரின் காலடி கேட்டால் அவர் இறங்கித் தப்புவதற்கென்று மறைவான படிக்கட்டும் உண்டு. 1829-இல் கத்தோலிக்கர்க்கு உரிமை வழங்கும் சட்டம் பிறந்த பின்னரே அவ்வீட்டில் அச்சமின்றி மணியடித்துப் பூசை காண முடிந்தது. மாளிகையின் பெரிய வாயிற்கதவு ஒன்று மூடியே கிடக்கிறது. 1745-இல் இளவரசர் சார்லஸ் அவ்வழியே சென்றபின் அது மூடப்பட்டதென்றும், ஸ்டூவர்ட் குலத்தார் ஒருவர் மீண்டும் முடிசூடும்வரை அது திறக்கப்படாதென்றும் மரபுவழிச் செய்தி கூறுகிறது.

இவ்வீட்டின் சிற்றாலயத்திற்கு நேர் கீழே, அதே கட்டடத்தில், ஏல் காய்ச்சும் கூடம் ஒன்று இருக்கிறது. ஏல் என்பது பீரின் ஒரு வகை. 1739-இல் அங்கே பெரிய செப்புக் கொப்பரை பொருத்தப்பட்டது. அக்காலத்தில் வீட்டாருக்கும் பணியாளருக்கும் வேண்டிய பானத்தை வீட்டிலேயே காய்ச்சிக்கொள்வது வழக்கம். பிற்காலத்தில் வழக்கம் நின்றுபோய், தட்டுமுட்டுச் சாமான்களுக்கடியில் கூடம் மறைந்துபோயிற்று. 1965-ஆம் ஆண்டில் அவ்வீட்டின் தலைவராயிருந்த பீட்டர் மேக்ஸ்வெல் ஸ்டூவர்ட் அதைக் கண்டெடுத்து மறுபடியும் காய்ச்சத் தொடங்கினார். பழைய முறைப்படி இன்றும் ஓக் மரத் தொட்டிகளிலேயே நொதிக்கவைக்கிறார்கள். மேலே பலிபீடம், கீழே ஏல் தொட்டி. இந்த அடுக்கு எனக்கு முதலில் அதிர்ச்சியாகவும் பின்பு ஆவலாகவும் இருந்தது. அந்த ஆவலால், வாழ்நாளில் பீரைத் தொட்டறியாத நான், அங்கிருந்த கடையில் 330 மில்லிலிட்டர் புட்டி ஒன்றை வாங்கிவிட்டேன். மருமகன் ஒன்றும் சொல்லவில்லை.

அவன் ஒன்றும் சொல்லாததன் பொருளை வாசகர்கள் அறிய வேண்டும். அவனுடைய தந்தை, என் அத்தான், சாராயத்தால் இறந்தவர். நல்ல தச்சர். எங்கள் ஊர்க் கோவிலின் தேரில் அவர் செதுக்கிய பூவேலை இன்றும் இருக்கிறது. நாற்பத்து மூன்றாம் வயதில், கை நடுங்கி உளி பிடிக்க இயலாதவராய், ஈரல் கெட்டு, அரசு மருத்துவமனைத் தரையில் பாயில் கிடந்து கண்மூடினார். அப்பொழுது மருமகனுக்கு வயது பதினொன்று. அவன் மதுவைத் தொட்டதில்லை.

அன்று மாலை அவன்தான் அலமாரியிலிருந்து குவளையை எடுத்துவந்து, புட்டியைத் திறந்து, பாதியளவு ஊற்றி என்முன் வைத்தான். எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டான்.

அந்தப் பானத்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். பார்லியை நீரில் ஊறவைத்து, முளைவிடச் செய்து, முளை நீளுமுன் சூட்டில் உலர்த்தினால் கிடைப்பது மால்ட். நம் வீடுகளில் கேழ்வரகை முளைகட்டி வறுத்துப் பிள்ளைகளுக்கு மாவு அரைப்பது போன்றதே. முளைவிடும்போது தானியத்தின் மாவைச் சர்க்கரையாக மாற்றும் ஆற்றல் அதனுள் விழித்துக்கொள்கிறது. பொடித்த மால்ட்டை வெந்நீரில் ஊறவைத்தால் இனிய சாறு இறங்கும். அச்சாற்றை ஹாப்ஸ் என்னும் கொடியின் பூவோடு கொப்பரையில் கொதிக்கவிடுவர். பூ இனிப்புக்கு எதிராகச் சிறு கசப்பைத் தரும். ஆறியபின் ஈஸ்ட் சேர்த்தால் சர்க்கரை ஆல்கஹாலாக மாறும். ஸ்காட்லாந்து முறையிலான வலிய ஏலில் மால்ட்டே முன்னிற்கும். கசப்பு பின்னே ஒதுங்கி நிற்கும். அந்நாட்டார் இவ்வகைக்கு இட்ட பெயர் 'வீ ஹெவி'. 'வீ' என்றால் அவர்கள் பேச்சில் சின்னது. 'ஹெவி' என்றால் கனமானது. வலிமை மிகுந்த பானமாகையால் சிறு புட்டிகளில் விற்றார்கள். டிராக்வேர் ஏலில் ஆல்கஹால் அளவு 7.2 விழுக்காடு, சாதாரண பீரைப்போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு.

குவளையை விளக்கின்முன் பிடித்தேன். கரும்பழுப்பு, விளிம்பில் மட்டும் மாதுளைச் சிவப்பு. மேலே மெல்லிய நுரை, பழுப்பேறிய பஞ்சுபோல. முகர்ந்தேன். முதலில் எழுந்தது வறுத்த தானியத்தின் மணம், ரொட்டியின் கருகிய ஓரம்போல. அதன்பின் உலர்ந்த திராட்சை. அதற்கும் அடியில் பழைய மரப்பெட்டியைத் திறந்தாற்போன்ற ஒரு மணம்; ஓக் தொட்டியின் நினைவாயிருக்கலாம். ஒரு மிடறு எடுத்து நாவில் நிறுத்தினேன். எங்கள் ஊர்ப் பனந்தோப்பில் பதநீர் காய்ச்சும் அடுப்பருகே நிற்பதுபோல் இருந்தது. கருப்பட்டிப் பாகு முற்றும் தறுவாயில் வரும் அந்த ஆழ்ந்த இனிப்பு. இனிப்பு திகட்டுமுன் அதைத் தடுத்து நிறுத்தும் இளங்கசப்பு. விழுங்கியபின் நெஞ்சில் மெல்லப் பரவும் ஒரு வெம்மை. சற்று நேரம் கழித்தும் நாவின் ஓரத்தில் அத்திப்பழத்தின் சுவை நின்றது.

நன்றாய் இருந்தது. மிக நன்றாய் இருந்தது.

"எப்படி இருக்கிறது மாமா?" என்றான் மருமகன்.

"கசப்புத்தான் தம்பி. பெரிதாக ஒன்றுமில்லை" என்றேன்.

"அப்படியா?" என்று சொல்லிவிட்டு எழுந்து, இரவு உணவுக்கு வெங்காயம் நறுக்கப் போய்விட்டான். குவளையில் மீதி இருந்ததை நான் குடிக்கவில்லை.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. இரக்கத்தால் சொன்ன பொய்தானே என்று என்னையே தேற்றிக்கொண்டேன். குற்றமற்ற நன்மையைத் தரும் பொய்க்கு வள்ளுவப் பெருந்தகையே வாய்மையின் அருகில் இடம் ஒதுக்கவில்லையா? ஆனால் புனித அகுஸ்தினார் பொய்யைப் பற்றி இரு தனி நூல்கள் எழுதி, நன்மைக்கான பொய்க்கும் இடமில்லை என்று நின்றார். புனித தோமா அக்குவினாஸ், பிறர்க்கு உதவும்பொருட்டுச் சொல்லும் பொய்யின் பாவம் சிறியது என்றார். பாவமே இல்லை என்று சொல்லவில்லை. இவர்களுக்கிடையே வழக்காடிக் களைத்தபின், எளிய வினா ஒன்று மிஞ்சியது. என் பொய் யாருக்கு நன்மை செய்தது? மருமகனுக்கா? அவனுடைய தந்தையைக் கொன்ற பொருளுக்கு உறவான ஒன்றில் நான் இன்பம் கண்டேன் என்பதை அவன் அறியாதிருக்க வேண்டும் என்று விரும்பியவன் நான். அப்பொய் காத்தது என் மானத்தைத்தான்.

இதற்குமேல் இன்னொரு கலக்கமும் இருந்தது. 'மது கெட்டது, ஆகவே அதன் சுவையும் கெட்டதாய் இருக்க வேண்டும்' என்று நாம் நம்ப விரும்புகிறோம். அப்படி இருந்தால் நல்லொழுக்கம் எளிதாய் இருக்கும். ஆனால் என் நாக்கு அந்தக் கணக்குக்கு ஒத்துவரவில்லை.

அப்பொழுது கானாவூர்த் திருமணம் நினைவுக்கு வந்தது. ஆறு கல்தொட்டிகள்; ஒவ்வொன்றும் ஏறத்தாழ 80 முதல் 120 லிட்டர் கொள்ளுவன. யோவான் நற்செய்தியாளர் கூறும் இந்த முதல் அரும் அடையாளத்தில், தண்ணீர் என்னவாயிற்று என்பதை முதலில் வெளியிட்டுச் சொன்னவர் யார்? அன்னை மரியா அல்லர், சீடர்களும் அல்லர். பந்தி மேற்பார்வையாளர். அது எங்கிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியாது. அவர் சுவைத்தார், சுவைத்ததை மணமகனிடம் ஒளிக்காமல் சொன்னார். இறைவனின் மாட்சிக்குத் தாம் சான்று பகர்கிறோம் என்பதை அறியாமலேயே சான்று பகர்ந்தார். நேர்மையான நாக்கு ஒன்றே அவரிடம் இருந்தது.

அவர் சொன்னதை மீண்டும் எண்ணிப் பார்த்தேன். எவரும் நல்ல இரசத்தை முதலில் பரிமாறி, விருந்தினர் நிறையக் குடித்தபின் மட்டமானதைத் தருவார்கள் என்பது அவர் சுட்டும் உலக வழக்கம். ஏன் அந்த வழக்கம்? நிறையக் குடித்தவனுக்கு நல்லது எது, மட்டமானது எது என்று தெரியாது என்பதனால்தான். அந்தப் பந்தியில் சுவை அறிந்தவர் தெளிந்த நாவோடு இருந்தவரே. பலமுறை கேட்ட நற்செய்திப் பகுதிதான். ஆயினும் இதை அன்றுதான் கண்டேன்.

மறுநாள் ஞாயிறு. புனித மரியன்னைப் பேராலயத்தில் திருப்பலி கண்டுவிட்டு நடந்து திரும்பும்போது மருமகனிடம் சொன்னேன்: "நேற்று நான் சொன்னது பொய். அது நன்றாகத்தான் இருந்தது."

அவன் சிரித்தான். "எனக்கு அப்பொழுதே தெரியும் மாமா. உங்கள் முகம் ஒன்று சொல்லிற்று. வாய் வேறொன்று சொல்லிற்று."

சற்றுத் தூரம் பேசாமல் நடந்தோம். பிறகு அவனே தொடங்கினான். "அப்பா குடித்ததை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். சுவைத்ததை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே மடக்கில் விழுங்குவார். முகம் சுளிக்கும். அந்த வாடை தெரியாமலிருக்க உடனே நாக்கில் ஊறுகாயைத் தடவிக்கொள்வார். கடைசிக் காலத்தில் அம்மா வைக்கும் மீன்குழம்பின் ருசிகூட அவருக்குத் தெரியவில்லை. உப்பில்லை என்று தட்டை வீசுவார். அம்மா தொட்டுப் பார்த்தால் உப்புச் சரியாகவே இருக்கும். நீங்கள் நேற்று அந்தக் குவளையை விளக்கில் பிடித்துப் பார்த்தீர்களே, அப்படி அவர் எதையும் பார்த்ததில்லை மாமா. தேருக்குப் பூ செதுக்கின காலத்தில் பார்த்திருப்பாரோ என்னவோ."

நான் பதில் சொல்லவில்லை. பல நூல்களில் தேடியும் எனக்குக் கிட்டாத ஒன்றை, தந்தையை இழந்த அப்பிள்ளை எடுத்துக் கொடுத்துவிட்டான். குடிவெறி என்பது சுவையின் மிகுதி என்றே நான் எண்ணியிருந்தேன். உண்மையில் அது சுவையின் சாவு. குடியன் சுவைப்பதற்காகக் குடிப்பதில்லை. எதையோ உணராதிருப்பதற்காக விழுங்குகிறான். பானத்தில் தொடங்கும் அந்த மரத்துப்போதல் சோற்றுக்கும், மனைவியின் முகத்துக்கும், பிள்ளையின் குரலுக்கும், இறுதியில் தன் கைத்தொழிலுக்கும் பரவுகிறது.

அறிவுடைமையைக் குறிக்கும் 'சாபியென்சியா' என்ற இலத்தீன் சொல், சுவைத்தலைக் குறிக்கும் வேரிலிருந்து பிறந்தது. நாக்கு உணவின் சுவைகளைப் பிரித்தறிவதுபோல் ஞானி பொருள்களையும் காரணங்களையும் பிரித்தறிகிறான் என்று செவில் நகர்ப் புனித இசிதோர் விளக்கினார். அக்குவினாஸ் இன்னும் ஒரு படி சென்று, இயற்கை விரும்பும் நியாயமான இன்பத்தை வெறுத்தொதுக்கும் உணர்வின்மையையும் தீயொழுக்கங்களுள் ஒன்றாக எண்ணினார். ஆயினும் உயர்ந்த நோக்கம் ஒன்றிற்காக இன்பத்தைத் துறப்பது புகழத்தக்கது என்றும் உடனே சேர்த்துக்கொண்டார். அப்படியானால் அளவு என்னும் அறம் புலன்களைக் கொல்வதற்கு வந்ததன்று. அவற்றை உயிரோடு காப்பதற்கு வந்தது.

இங்கே ஒரு தடை எழும். 'இது படித்தவர்களின் வாதம். நம் ஊரில் அரைக் குவளையோடு நிறுத்துகிறவர் எத்தனை பேர்? சுவை, அளவு என்றெல்லாம் பேசுவது கடைக்கு வழிகாட்டுவது ஆகாதா?' நியாயமான தடை. இதற்கான விடையையும் மருமகனே தந்தான்.

"பிறகு நீ ஏன் தொடுவதில்லை?" என்று கேட்டேன்.

"அது கெட்டது என்பதற்காக இல்லை மாமா. எனக்குள்ளே அப்பாவின் இரத்தம் இருக்கிறது. எந்த இடத்தில் என்னால் நிற்க முடியும் என்று எனக்குத் தெரியாது. ஆழம் தெரியாத ஆற்றில் இறங்குவதில்லை, அவ்வளவுதான்."

திருச்சபையின் பட்டறிவும் இதனையே சொல்கிறது. புனித ஆசீர்வாதப்பர் தம் ஒழுங்குநூலின் நாற்பதாம் இயலில், துறவியர்க்கு நாளொன்றுக்கு ஒரு சிறு அளவு திராட்சை இரசம் போதும் என்று வரையறுத்தார். பிறருடைய அளவைத் தாம் நிர்ணயிப்பதில் தமக்குத் தயக்கம் உண்டென்பதையும் அங்கேயே வெளியிட்டார். முழுவதும் விலக்க வரம் பெற்றவர்க்குத் தனிக் கைம்மாறு உண்டென்றும் கூறினார். அயர்லாந்தில் கப்புச்சின் சபைக் குரு தியோபால்டு மேத்யூ 1838-இல் கார்க் நகரில் முழு மதுவிலக்கு இயக்கத்தைத் தொடங்கியபோது இலட்சக்கணக்கான ஏழைகள் வாக்குறுதி எடுத்தனர். டப்ளின் நகரத் தொழிலாளி மாட் டால்பட் சிறுவயதிலேயே குடிக்கு அடிமையானவர், 1884-இல் விட்டார், 1925-இல் இறக்கும்வரை தொடவில்லை. அவரைத் திருச்சபை வணக்கத்துக்குரியவர் என்று அறிவித்துள்ளது. அவருக்கு அரைக் குவளை என்பது அளவன்று, சுழியமே அளவு.

பலிபீடத்திலும் இவ்வுண்மைக்கு இடமுண்டு. திராட்சை இரசத்தைச் சிறிதளவும் பருக இயலாத குருவானவர், ஆயரின் அனுமதியோடு, நொதித்தல் ஏறக்குறைய தொடங்காத நிலையில் காக்கப்பட்ட திராட்சைச் சாற்றைக் கொண்டு திருப்பலி நிறைவேற்றலாம் என்பதை விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 2003-இல் மீண்டும் தெளிவுபடுத்திற்று. ஆண்டவரின் கிண்ணத்தைப் பொறுத்தவரையிலேயே ஒருவருடைய பலவீனம் இவ்வாறு மதிக்கப்படுமானால், நம் வீட்டு விருந்துகளில் எவ்வளவு மதிக்கப்பட வேண்டும்! சகோதரனுக்குத் தடையாகுமானால் இறைச்சியையும் மதுவையும் விட்டுவிடுவதே நன்று என்று புனித பவுல் உரோமையர்க்கு எழுதியதும் இதனையே. ஆனால் பவுலடியார் அப்பொருள்கள் கெட்டவை என்று சொல்லவில்லை. நல்லதைத்தான் விட்டுக்கொடுக்கச் சொன்னார். கெட்டதை விடுவதில் என்ன கொடை இருக்கிறது?

அன்று மாலை என்முன் இருந்தது உண்மையா அன்பா என்ற வினா என்று தொடக்கத்தில் சொன்னேன். இரண்டையும் எதிரெதிரே நிறுத்தியதே என் பிழை. 'நன்றாய் இருக்கிறது தம்பி, ஆனால் உன் எதிரே இதைக் குடிக்க எனக்கு மனமில்லை' என்று நான் சொல்லியிருக்கலாம். உண்மையும் நின்றிருக்கும், அன்பும் நின்றிருக்கும். அந்த ஒரு வாக்கியத்துக்கு வேண்டிய துணிவு என்னிடம் இல்லாமற் போயிற்று.

சிறுவயதில் ஞானோபதேச வகுப்பில், போசனப்பிரியம் என்னும் தலையான பாவத்துக்கு எதிரான புண்ணியம் 'மட்டசனம்' என்று மனப்பாடம் செய்தோம். பொருள் தெரியாமல் ஒப்பித்த சொல். மட்டு என்றால் அளவு; அசனம் என்றால் உணவு. பின்னாளில் அகராதியைப் புரட்டும்போது, மட்டு என்பதற்குப் பழந்தமிழில் தேன் என்றும் கள் என்றும் பொருள் இருப்பதைக் கண்டேன். வேர் ஒன்றோ இரண்டோ, அதை மொழியறிஞர் சொல்லட்டும். கள்ளும் அளவும் ஒரே ஒலியில் வந்து அமர்ந்திருப்பது எனக்குப் போதுமானதாய் இருந்தது.

ஊர் திரும்பியபின் அக்காளைப் பார்க்கப் போனேன். பயணக் கதைகளைக் கேட்டுக்கொண்டிருந்தவள், மகன் எல்லாவற்றையும் தொலைபேசியில் முன்பே சொல்லியிருந்தான் போலும், "கோவிலுக்கு அடியில் காய்ச்சினதைக் குடித்தாயாமே, எப்படி இருந்தது?" என்று கேட்டாள். சற்றுத் தயங்கினேன். பிறகு, "நன்றாய் இருந்தது அக்கா. கருப்பட்டிப் பாகு மாதிரி" என்றேன்.

அவள் வெகுநேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். "உங்கள் அத்தானுக்கும் கருப்பட்டி என்றால் உயிர். கல்யாணமான புதிதில் ஒரு துண்டை வாயில் போட்டால் கரையும்வரை பேசமாட்டார்" என்றாள்.